டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்: வீட்டு மருத்துவச் செலவைக் குறைக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் மாத்திரைகள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி, அம்மாவுக்குத் தைராய்டு. மாதம் பிறந்தால் அப்பா காலி அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போவார். கடைக்காரர் அட்டையைப் பார்த்து அதையே எடுத்துக் கொடுப்பார். ஆறேழு ஆண்டுகள் இப்படியே ஓடின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த டப்பாவைப் பாயில் கவிழ்த்தேன். வயிற்று எரிச்சலுக்கான பான்டோபிரசோல் இரண்டு வேறு பெயர்களில் கிடந்தது. ஒன்று சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் எழுதியது. இன்னொன்று முழங்காலுக்குப் பார்த்தவர் எழுதியது. அப்பா இரண்டையும் தினமும் காலையில் விழுங்கிக்கொண்டிருந்தார். மருத்துவர்கள் மேல் தவறில்லை. ஒருவர் எழுதியதை மற்றவரிடம் நாங்கள் காட்டவே இல்லை.

குடும்பப் பொறுப்பைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவச் செலவு என்றதும் எல்லோருக்கும் அறுவை சிகிச்சையும் லட்சங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. பல வீடுகளில் பணம் கசிவது மாத மருந்தில்தான். அதை அடைக்கும் வேலையை யாருக்கும் உடம்பு முடியாமல் போகாத ஒரு நாளில் செய்ய வேண்டும். நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிட்டு விலை கேட்கும் தைரியம் நம்மில் யாருக்கும் வராது.

முதல் படி: எழுதிவையுங்கள்

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் வெளியே எடுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன் என்று இருப்பதுதான் மருந்தின் மூலப்பெயர். அதை எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை மில்லிகிராம், எதற்காக, யார் எழுதியது, எப்போதிலிருந்து, ஒரு மாத்திரை என்ன விலை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால் விட்டுவிடாதீர்கள்; அவை உடலில் மெதுவாகக் கரையும் வகையைக் குறிப்பவை. அதற்குப் பதிலாகச் சாதாரண வகையை வாங்கிவிடக் கூடாது.

அரை மணி நேர வேலை இது. முடிந்ததும் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். ஒரே மருந்து இரு பெயர்களில் இருக்கலாம். பத்து நாளுக்கென்று எழுதிக்கொடுத்த சத்து மாத்திரை இரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கலாம். எதற்கென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத மாத்திரை ஒன்றாவது இருக்கும்.

அந்தப் பட்டியலோடு உங்கள் வழக்கமான மருத்துவரிடம் போங்கள். "இவை எல்லாமே இன்னும் தேவைதானா? இதே மருந்து விலை குறைவாகக் கிடைத்தால் வாங்கலாமா?" என்று கேளுங்கள். எங்கள் மருத்துவர் பட்டியலைப் பார்த்துவிட்டு நான்கு வரிகளை அடித்தார். அடிக்கும் வேலை அவருடையது என்பதை மறந்துவிடாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து இவற்றில் எதையும் செலவுக்குப் பயந்து நீங்களாக நிறுத்தினால், மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு மருத்துவமனையில் கட்ட வேண்டிவரும்.

இரண்டாம் படி: அதே மருந்து, வேறு விலை

இந்தியாவில் ஒரே மூலப்பெயர் மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. விலை வித்தியாசம் சில காசு அளவில் நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றைப்போல நான்கைந்து மடங்கு இருப்பதும் உண்டு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு, 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைக்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றுக்கு உச்சவிலை கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. பட்டியலில் உள்ள ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கினால், அந்தக் கூட்டு பட்டியலுக்கு வெளியே போய்விடுவது உண்டு. விலை உயர்ந்த கூட்டு மாத்திரை எழுதப்பட்டிருந்தால், தனித்தனியாக வாங்கினால் மலிவாக வருமா என்று மருத்துவரிடம் கேட்பதில் குற்றமில்லை.

மலிவாக வாங்கத் தமிழ்நாட்டில் மூன்று வகைக் கடைகள் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் இயங்குகின்றன. மூலப்பெயர் மருந்துகளை விற்பதற்கென்றே ஏற்பட்டவை. மாநில அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இவை தவிரக் கூட்டுறவு மருந்தகங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. உங்கள் பேருந்துத் தடத்தில் எது இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைகளுக்குப் போகும்போது நிறுவனப் பெயரைச் சொல்லாதீர்கள். "இல்லை" என்ற பதில்தான் வரும். நோட்டில் எழுதிய மூலப்பெயரையும் மில்லிகிராமையும் காட்டுங்கள். மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். எல்லா மருந்தும் எல்லா நாளும் இருப்பில் இருப்பதில்லை. அதனால் மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்பே போவது நல்லது. கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுபவருக்குத் தெருமுனைக் கடைதான் கதி.

மலிவு மருந்து வேலை செய்யுமா என்று அப்பாவுக்கும் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்க ஒரே வழி அளந்து பார்ப்பது. மாற்றியபின் மூன்று வாரம் வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்து எழுதினோம்; முன்பு இருந்த அளவிலேயே நின்றது. சர்க்கரை மாத்திரை என்றால் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை சொல்லிவிடும். ஆனால் வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் மருந்துகள் ஆகியவற்றை நிறுவனம் மாற்றுவதாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவில் சிறு மாறுதலும் பெரிதாகத் தெரியும் மருந்துகள் அவை. அம்மாவின் தைராய்டு மாத்திரையை நாங்கள் தொடவே இல்லை. அதன் விலையும் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

தள்ளுபடிப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை ஒன்று 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் தள்ளுபடி போனால் 9 ரூபாய் 60 காசு. அதே மருந்து வேறு பெயரில் 3 ரூபாய்க்குத் தள்ளுபடியே இல்லாமல் கிடைக்கலாம். அட்டை விலையைப் பார்க்காதீர்கள். ஓர் அட்டையில் பத்து இருக்கும், இன்னொன்றில் பதினைந்து இருக்கும். மாத்திரைக் கணக்கில் ஒப்பிடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். மருந்தில் குறை இருந்தால் கேட்கவும், பின்னால் வரிக்கணக்கில் காட்டவும் அது வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

மூன்றாம் படி: வெட்கத்தை விடுங்கள்

மதுரைக்காரர்கள் அரசு மருத்துவமனையைப் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் மரியாதை இருக்கும். ஆனால் நடுத்தர வீடுகளில் அங்கே ஓ.பி. சீட்டு வாங்க நிற்பதற்கு ஒரு கூச்சமும் இருக்கும். நானும் கூசியவன்தான். வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் நின்றதைப் பார்த்தபின் அது போயிற்று.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து அனுப்புகிறது. வேறு மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளும் இன்சுலினும் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வசதி, மாலையிலும் திறந்திருப்பவை.

குழந்தை இருக்கும் வீட்டில் பெரிய மிச்சம் தடுப்பூசியில்தான். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா வைரஸ், நிமோனியாவுக்கான பி.சி.வி., தட்டம்மை-ரூபெல்லா எல்லாமே அரசு அட்டவணையில் இலவசம். தனியாரிடம் பி.சி.வி. ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ வகை, ஃபுளூ போன்றவை அந்த அட்டவணையில் இல்லை. வேண்டுமென்றால் அவற்றை மட்டும் தனியாரிடம் போட்டுக்கொள்ளலாம். நாய்க்கடி ஊசிக்கும் தனியாரைத் தேடி அலைய வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாத் தவணைகளையும் முடியுங்கள்.

வரிசை இருக்கும், காலை போய்விடும், சில நாள் ஒரு மாத்திரை இருக்காது. அதை மறைப்பானேன்? எங்கள் வீட்டில் கலந்து செய்கிறோம். ஆலோசனைக்குப் பழைய மருத்துவர், மருந்துக்கு மலிவுக் கடை, ஊசிகளுக்கு அரசு.

நான்காம் படி: பரிசோதனைகள்

"எண்பது பரிசோதனைகள், ஆயிரம் ரூபாய்" என்று தொலைபேசிக்கு வரும் விளம்பரங்களை நம்பி வாங்காதீர்கள். எண்பதில் ஒன்றிரண்டு அளவு கோட்டுக்குச் சற்று வெளியே இருப்பது சாதாரணம். அந்த ஒன்றிரண்டைத் துரத்திக்கொண்டு இன்னும் நான்கு பரிசோதனை, ஒரு ஸ்கேன் என்று போகும். சர்க்கரை உள்ளவருக்குத் தேவைப்படுவது மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை, ஆண்டுக்கொருமுறை சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், கொழுப்பு அளவு, கண் விழித்திரைச் சோதனை, கால் சோதனை. கடைசி இரண்டைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்கேன் எழுதித் தந்தால் "இதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா, டாக்டர்?" என்று பணிவாகக் கேட்கலாம். எடுக்கத்தான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. எடுத்த படத்தையும் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மருத்துவரிடம் வெறுங்கையோடு போனால் எல்லாம் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: அட்டைகள்

இரண்டு அட்டைகளில் எது உங்களுக்கு உரியது என்று இன்றே பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கும் அங்கே அனுமதி இருக்க வேண்டும். சேரும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள்.

சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. என் சித்தப்பா மகன் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தான். சம்பளத்தில் அதற்கென்று மாதாமாதம் ஒரு தொகை பிடித்தார்கள் (2019 ஜூலை முதல் 0.75 சதவீதம்), நிறுவனமும் தன் பங்கைக் கட்டியது (3.25 சதவீதம்). அவன் மனைவியின் பித்தப்பைக் கல்லுக்கு வட்டிக்கு வாங்கிச் செலவழித்தபின்தான் அந்தச் சம்பளச் சீட்டைப் படித்துப் பார்த்தோம். மனைவி, குழந்தைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் அதில் மருத்துவம் உண்டு. ஒன்பது ஆண்டில் ஒருமுறைகூட இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் படியை அவன் மிதித்ததில்லை.

சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்தின்படி, அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரையறுத்த தொகைக்குள் கட்டணமின்றிக் கிடைக்கும். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. அழைக்க வேண்டிய எண் 108.

ஆறாம் படி: காப்பீடு வாங்குவதானால்

மேலே சொன்னவை எதுவும் பொருந்தாதவர்கள் தனியார் காப்பீடு எடுக்கத்தான் வேண்டும். அலுவலகம் தரும் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது.

காப்பீட்டுப் பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது அறை வாடகை வரம்பு. நாளுக்கு 5,000 ரூபாய் என்று வரம்பு இருக்கும்போது 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், கூடுதலான ஐயாயிரத்தை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியல்ல. வரம்பு பாதி என்பதால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. மற்றவற்றில் விழும் அடியே போதும். எனவே வரம்பில்லாத பத்திரம் வாங்குங்கள், அல்லது வரம்புக்குள் உள்ள அறையைக் கேளுங்கள்.

ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள். அதற்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம். சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பணம் வரும். மறைத்து மாட்டினால் பத்திரமே செல்லாமல் போகலாம். பத்திரம் கைக்கு வந்தபின் 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரலாம். அந்த முப்பது நாளில் ஒரு மாலையாவது உட்கார்ந்து அதைப் படியுங்கள்.

ஏழாம் படி: சேர்க்கும்போது

அவசரம் இல்லாத அறுவை சிகிச்சை என்றால் இரண்டு மருத்துவமனைகளில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மொத்தத் தொகையா, ஆக ஆகப் போடும் பில்லா என்று கேளுங்கள். சேர்ந்தபின் தினமும் மாலையில் அன்றைய பில்லை வாங்கிப் பாருங்கள். கடைசி நாளில் பார்த்தால் எதுவும் நினைவிருக்காது. அம்மா ஒருமுறை மூன்று நாள் சேர்ந்திருந்த இடத்தில், அவர் வீட்டுக்குக் கிளம்பிய பின்பான நேரத்துக்கு ஒரு ஊசி பில்லில் ஏறியிருந்தது. காட்டியதும் பேசாமல் நீக்கிவிட்டார்கள். பயன்படுத்தாத மருந்துகளையும் ஊசிக்குழல்களையும் திருப்பிக் கொடுத்துக் கழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக விலை பிரித்த பில் கேட்பதும், மருந்தை வெளியே வாங்குவதும் நோயாளியின் உரிமைகளாக, தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த சாசனத்தில் இருக்கின்றன. இதய இரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017 முதல் உச்சவிலை உண்டு. பில்லில் அவற்றைத் தனி வரியாகப் போடச் சொல்லி ஒப்பிடுங்கள்.

இனி வருமான வரி. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும், 80டி என்று பலரும் அறிந்த வரிக்கழிவு உண்டு: காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களான பெற்றோருக்குத் தனியாக 50,000 வரை. அந்தப் பெற்றோருக்குக் காப்பீடே இல்லையென்றால் அவர்களுடைய மருந்துச் செலவையே அந்த 50,000-க்குள் காட்டலாம். ரொக்கமாகக் கட்டியது கணக்கில் வராது. உடல் பரிசோதனைக்கு மட்டும் விலக்கு. அப்பா இப்போதும் தெருமுனைக் கடையில் இருமல் மருந்துக்கு நோட்டாக எண்ணிக் கொடுத்துவிட்டு, பில்லை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து என்னிடம் தருகிறார்.